இன்டர்நெட் வந்த பிறகு பாட்டுக்கும் படத்துக்கும் என்ன ஆச்சு, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்

இன்டர்நெட்டால மியூசிக், சினிமா ரெண்டும் வளர்ந்துச்சா நாசமா போச்சா, நானும் வீட்டுலயே பாட்டு பண்ணி அப்லோட் பண்றேன், எனக்கு இதுல என்ன தெரிஞ்சிருக்கணும்னு கேட்டிருந்தீங்க. நான் இருபது வருஷத்துக்கு மேல சவுண்ட் மிக்ஸிங் வேலையில இருக்கேன், பாட்டுக்கும் பண்ணியிருக்கேன் படத்துக்கும் பண்ணியிருக்கேன், சிடி வித்த காலத்தோட கடைசிய பார்த்தவன், ஸ்ட்ரீமிங் காசு வர ஆரம்பிச்ச காலத்தையும் பார்த்தவன். அதனால பதில் நீளமா போகும், பொறுமையா படிங்க.

என் பதில் இதுதான். விக்கிற பொருளே மாறிடுச்சு. முன்னாடி வித்தது ஒரு காப்பி, டேப்போ சிடியோ டிவிடியோ, காசு குடுத்தா அது உங்களோடது, அலமாரியில இருக்கும். இப்ப விக்கிறது அனுமதி. மாசாமாசம் கட்டுற வரைக்கும் கேக்கலாம் பார்க்கலாம், நிறுத்திட்டா கையில ஒண்ணும் மிஞ்சாது. யாருக்கு எவ்வளவு காசு போகுது, பாட்டு ஏன் குட்டியாச்சு, படம் ஏன் திடீர்னு காணாம போகுது, இது எல்லாத்துக்கும் வேர் அங்கதான் இருக்கு.

ஆரம்பத்துல இருந்து வரேன். சிடியில ஒரு செகண்டுக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து எழுதி வச்சிருப்பாங்க, இடது வலதுன்னு ரெண்டு பக்கத்துக்கும். நாலு நிமிஷ பாட்டு கிட்டத்தட்ட 40 எம்பி வரும், அதை அப்ப போன் லைன் வழியா நெட் குடுத்த 56கே மோடத்துல இறக்கணும்னா லைன் நடுவுல கட் ஆகாம இருந்தா கூட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்துல கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவர் கூட இருந்தவங்களும் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பெரிய சத்தத்துக்கு பக்கத்துல வர்ற சின்ன சத்தம் நம்ம காதுக்கு கேக்காது, கேக்காததை எதுக்கு சேர்த்து வைக்கணும், அதை தூக்கிட்டா ஃபைல் சின்னதாயிடும், அவ்வளவுதான் ஐடியா. அதை சரி பார்க்க அவர் திரும்ப திரும்ப போட்டு கேட்டது பாடகி சூசன் வேகா வாத்தியமே இல்லாம தனிக்குரல்ல பாடின ஒரு பாட்டு, ஏன்னா தனிக்குரல்ல தூசி அளவு கீறல் விழுந்தா கூட காது பிடிச்சிடும், மிக்ஸிங் பண்ற எல்லாருக்கும் இது தெரியும். 1995 ஜூலையில அந்த ஃபைலுக்கு எம்பி3ன்னு பேர் வச்சாங்க. 40 எம்பி பாட்டு 4 எம்பிக்கு கீழ இறங்கிடுச்சு, ஒன்றரை மணி நேரம் பத்து நிமிஷம் ஆச்சு. சிடி கம்பெனிகள் அப்ப இதை பெருசா எடுத்துக்கல, ஆனா அவங்க வியாபாரம் ஆட்டம் கண்டது அந்த பத்து நிமிஷத்துலதான்.

1999 ஜூன்ல ஷான் ஃபேனிங்னு ஒரு காலேஜ் பையன் நாப்ஸ்டர விட்டான். நாப்ஸ்டர் சர்வர்ல பாட்டு எதுவும் கிடையாது, யார் கம்ப்யூட்டர்ல எந்த பாட்டு இருக்குங்கிற லிஸ்ட் மட்டும்தான், பாட்டு நேரா ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு போகும். அந்த டிசம்பர்லயே ரெக்கார்டிங் கம்பெனிகள் சங்கம் கேஸ் போட்டுச்சு, 2000ல மெட்டாலிக்கா பேண்டும் போட்டாங்க, 2001 ஜூலையில இழுத்து மூடிட்டாங்க. ஆனா ருசி கண்டவங்க விடுவாங்களா, அந்த லிஸ்ட் ஒரே இடத்துல இருந்ததாலதானே மாட்டுச்சு, அதை பிரிச்சு போட்டுட்டா யாரை மூடுவீங்கன்னு அடுத்தடுத்து வந்துச்சு. 2001ல பிராம் கோஹன் எழுதின பிட்டாரென்ட் இதுல ரொம்ப முக்கியமானது, ஒரு ஃபைல துண்டு துண்டா பிரிச்சு, நீங்க இறக்கிட்டு இருக்கும்போதே உங்ககிட்ட வந்த துண்டை அடுத்தவருக்கு அனுப்பும். கூட்டம் சேர்ந்தா எந்த சர்வரும் திணறும், இதுல கூட்டம் சேர சேர வேகம் கூடும். பாட்டோட நின்னிருந்த பிரச்சினை படத்துக்கு பரவினது இதனாலதான்.

இங்க இண்டஸ்ட்ரி பண்ணின தப்பை நான் இன்னிக்கும் மன்னிக்க மாட்டேன். ஜனங்க நெட்ல பாட்டு வேணும்னு வாசல்ல வந்து நிக்கிறாங்க, ஒழுங்கா ஒரு கடை திறக்காம, 2003 செப்டம்பர்ல இருந்து தனித்தனி ஆளுங்க மேல கேஸ் போட்டாங்க, ஆயிரக்கணக்குல, அதுல 12 வயசு பொண்ணு ஒண்ணு கூட மாட்டுச்சு. அதே வருஷம் ஏப்ரல் 28ஆம் தேதி ஆப்பிள் ஐட்யூன்ஸ் கடையை திறந்து ஒரு பாட்டு 99 சென்ட்னு வித்துச்சு, 2 லட்சம் பாட்டோட ஆரம்பிச்சு மொதல் வாரமே 10 லட்சம் பாட்டு போச்சு. காசு குடுக்க ஆள் இருந்தாங்க. ஆனா ஒரு நல்ல பாட்டுக்காக பன்னெண்டு பாட்டு சிடியை வாங்க வச்ச காலம் முடிஞ்சுது, அந்த அடி பைரசி அளவுக்கு பெரிய அடி, அதை பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்ல. உலக அளவுல ரெக்கார்ட் பண்ணின இசையோட வருமானம் 1999ல உச்சத்துல இருந்துச்சு, 2014 வரைக்கும் இறங்கி இறங்கி ஏறக்குறைய 40 சதவீதம் போயிடுச்சு. கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதைதான். அந்த பதினஞ்சு வருஷத்துல நான் வேலை செஞ்ச ரெண்டு ஸ்டுடியோ மூடினாங்க, என்னை விட நல்ல காது இருந்த அசிஸ்டென்ட் பசங்க வேற வேலைக்கு போயிட்டாங்க, அவங்களை நினைச்சா இன்னும் கஷ்டமா இருக்கு.

அப்புறம் ஸ்ட்ரீமிங். ஸ்பாட்டிஃபை 2006ல ஸ்டாக்ஹோம்ல ஆரம்பிச்சு 2008 அக்டோபர்ல வெளிய வந்துச்சு. திருட்டா இறக்கறதை விட இது ஈசியா இருக்கணும், கிளிக் பண்ணின உடனே பாடணும், அதுதான் அவங்க கணக்கு, அது பலிச்சுது. 2024ல உலக ரெக்கார்டிங் வருமானம் 2,960 கோடி டாலர், அதுல 69 சதவீதம் ஸ்ட்ரீமிங். அப்ப எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேட்டா, காசு எப்படி பிரியுதுன்னு பார்த்தாதான் தெரியும். நீங்க பாட்டு போடுறவர், அதனால இந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

ஒரு பிளேக்கு இவ்வளவுன்னு ரேட் எதுவும் கிடையாது. வர்ற காசுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கை ஒரு பொதுக்குடத்துல போட்டு, மொத்த பிளேல உங்க பங்கு எத்தனை சதவீதமோ அத்தனையை எடுத்து குடுக்கறாங்க. சின்னதா கணக்கு போடுவோம். ரெண்டே ரெண்டு பேர் இருக்காங்க, ஆளுக்கு 10 டாலர் கட்டறாங்க, குடத்துக்கு 14 டாலர் வருதுன்னு வச்சுக்குவோம். ஒருத்தர் மாசம் முழுக்க உங்க பாட்டை மட்டும் 50 தடவை கேக்கறார், இன்னொருத்தர் வேற ஒரு பெரிய ஸ்டாரோட பாட்டை வேலை நேரம் பூரா ஓட விட்டு 950 தடவை கேக்கறார். உங்களுக்கு வர்றது 14ல அஞ்சு சதவீதம், அதாவது 70 சென்ட். உங்களை மட்டும் கேட்ட அந்த ரசிகர் கட்டின காசுல குடத்துக்கு வந்த 7 டாலர்ல 6.30 அவர் கேக்காத ஸ்டாருக்கு போயிடுச்சு. கேக்கறவர் கட்டின காசு அவர் கேட்ட பாட்டுக்காரருக்கே போகட்டும்னு சவுண்ட்கிளவுட் 2021ல வேற முறை கொண்டு வந்துச்சு, என்னை கேட்டா எல்லாரும் அதுக்குத்தான் மாறணும், ஆனா பெரிய கம்பெனிகளுக்கு பழைய கணக்கு நல்லா செட் ஆகிடுச்சு. போதாததுக்கு 2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல 12 மாசத்துல 1,000 பிளே தாண்டாத பாட்டுக்கு அந்த ரெக்கார்டிங் காசே கிடையாது.

குடம் பொதுவா இருக்கறதால இன்னொரு ஆபத்தும் இருக்கு. அமெரிக்காவுல 2024 செப்டம்பர்ல ஒருத்தர் மேல கேஸ் போட்டாங்க, ஏஐ வச்சு லட்சக்கணக்குல பாட்டு தயார் பண்ணி, ஆள் கேக்கற மாதிரி தானா ஓட விடற பாட் ப்ரோக்ராம் வச்சு அதை தானே கேட்டு 1 கோடி டாலருக்கு மேல எடுத்தார்னு குற்றச்சாட்டு. அப்படி யாராவது எடுத்தா அந்த காசு ஆப் கம்பெனி கையில இருந்து போகல, உங்களை மாதிரி ஆளுங்க பங்குல இருந்து போகுது.

போன வருஷம் தெரிஞ்ச பையன் ஒருத்தன் அவனோட ராயல்டி ஸ்டேட்மென்ட்டை எடுத்துட்டு வந்தான். ஒரே பாட்டுக்கு முந்நூறு வரிக்கு மேல, எந்த நாடு, எந்த ஆப், ஃப்ரீ அக்கவுண்டா காசு கட்டினதா, எத்தனை பிளே, கடைசி காலம்ல தொகை, புள்ளிக்கு அப்புறம் வரிசையா சைபர். அவன் கீழ டோட்டலை மட்டும் பார்த்துட்டு முகம் தொங்கி போய் இருந்தான். நாங்க உட்கார்ந்து நாடு வாரியா பிரிச்சோம், பிரிச்சா பாதிக்கு மேல பிளே அவன் கால் வைக்காத, அவன் பாஷையே தெரியாத ஒரு நாட்டுல இருந்து வந்திருக்கு, யாரோ ஒரு வீடியோவுக்கு பின்னாடி போட்டிருக்காங்க போல. இன்னொண்ணும் கண்டுபிடிச்சோம், அதுதான் முக்கியம். ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு, ரெக்கார்டிங் தனி, அதுல இருக்கற மெட்டும் வரியும் தனி. இவன் டிஸ்ட்ரிப்யூட்டர், அதாவது பாட்டை ஆப்புங்களுக்கு அனுப்பி வைக்கிற கம்பெனி, மூலமா பதிவு பண்ணினது ரெக்கார்டிங் மட்டும். மெட்டு, வரிக்கான பங்கை, அந்த காசை வசூல் பண்ணி குடுக்கற எந்த சொசைட்டிலயும் பதிவே பண்ணல, ரெண்டு வருஷமா அந்த காசு சொந்தக்காரன் யார்னு தெரியாம எங்கயோ கிடக்கு. நீங்க மொதல்ல இதை செக் பண்ணுங்க.

காசு பிரியற விதம் பாட்டோட உருவத்தையே மாத்திடுச்சு. 30 செகண்ட் தாண்டினாதான் ஒரு பிளேன்னு கணக்கு, அதுக்குள்ள கேக்கறவர் ஸ்கிப் பண்ணக்கூடாது. ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டில 2017ல வந்த ஒரு ஆராய்ச்சில, ஹிட் பாட்டுங்களோட முன்னிசை 80கள் நடுவுல 20 செகண்டுக்கு மேல இருந்தது இப்ப 5 செகண்டுக்கு வந்துடுச்சுன்னு அளந்து சொன்னாங்க. என் டேபிள்லயே அது தெரியும், முன்னாடி "மெதுவா ஏறட்டும்"னு சொன்ன அதே இசையமைப்பாளர்கள் இப்ப "குரல் எப்ப வருது"ன்னுதான் மொதல்ல கேக்கறாங்க. ஒரு நல்லதும் நடந்துச்சு. சிடி காலத்துல என் பாட்டு உன் பாட்டை விட சத்தமா இருக்கணும்னு போட்டி போட்டு எல்லாத்தையும் நசுக்கிட்டு இருந்தோம், இப்ப ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப் எல்லாம் எந்த பாட்டு வந்தாலும் ஒரே லெவலுக்கு, மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தம் எவ்வளவுன்னு அளக்கற அளவு) பக்கத்துக்கு, கொண்டு வந்துடுது. அதனால தயவுசெஞ்சு உங்க பாட்டை லிமிட்டர் (சத்தத்தோட உச்சியை அமுக்கற கருவி) போட்டு நசுக்காதீங்க, ஆப்ல வால்யூமை எப்படியும் குறைச்சுடுவாங்க, நசுங்கினது மட்டும்தான் மிச்சம்.

வாசல் திறந்ததையும் சொல்லணும். 2019ல அமெரிக்கா பில்போர்டு சார்ட்ல 19 வாரம் தொடர்ந்து முதலிடத்துல இருந்த லில் நாஸ் எக்ஸோட பாட்டுக்கு அடியில இருக்கற பீட், அதாவது குரலுக்கு பின்னாடி ஓடற இசை, நெதர்லாந்துல ஒரு இளைஞன் ஆன்லைன்ல போட்டு வச்சிருந்தது, இவர் அதை 30 டாலருக்கு வாங்கினார். ரெண்டு பேரும் அப்ப ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது கூட கிடையாது. இது முன்னாடி எந்த காலத்துலயும் நடந்திருக்காது. (நீங்களும் பீட் வாங்கி பாடறவரா இருந்தா லைசென்ஸை முழுசா படிங்க, குறைஞ்ச விலை பீட் பெரும்பாலும் பத்து பேருக்கு வித்ததா இருக்கும், அதுல எவராவது யூட்யூப் கன்டென்ட் ஐடில, அதாவது எந்த வீடியோவுல யார் இசை இருக்குன்னு தானா கண்டுபிடிக்கற ஏற்பாட்டுல, போட்டுட்டா உங்க சொந்த வீடியோவோட விளம்பர காசு அவருக்கு போயிடும்.)

ஆனா திறந்த வாசல்ல எல்லாரும் நுழைஞ்சாச்சு. லுமினேட்னு ஒரு கணக்கெடுக்கிற கம்பெனி 2023 முடிவுல சொன்னது, மொத்தம் 18.4 கோடி பாட்டு இருக்கு, அதுல 4.5 கோடிக்கு மேல அந்த வருஷம் ஒரே ஒரு தடவை கூட யாரும் கேக்கல. அந்த நம்பரை பார்த்த அன்னிக்கு எனக்கு மனசு என்னவோ ஆயிடுச்சு, ஒவ்வொண்ணும் யாரோ ராத்திரி முழிச்சு பண்ணினதுதானே. புது பாட்டுக்கு போட்டி புது பாட்டு மட்டும் கூட இல்ல, பழைய பாட்டும்தான், ஏன்னா கடையில இடம் பத்தலன்னு எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்ல. பாடகி கேட் புஷ் 1985ல பாடின ஒரு பாட்டு 2022ல நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒண்ணுல வந்து, 37 வருஷம் கழிச்சு பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆச்சு. ரெக்கார்டிங் உரிமை அவங்ககிட்டயே இருந்ததால பலனும் அவங்களுக்கே வந்துச்சு.

சினிமாவுக்கு வருவோம். படத்துல காசு வர்ற வழி படிப்படியா இருந்துச்சு, மொதல்ல தியேட்டர், சில மாசம் கழிச்சு டிவிடி, அப்புறம் டிவி, ஒவ்வொரு படியிலயும் ஒரு காசு, ஒவ்வொண்ணுலயும் எழுத்தாளருக்கும் நடிகருக்கும் ஒரு சின்ன பங்கு. தியேட்டர்ல சுமாரா போன நடுத்தர பட்ஜெட் படம் டிவிடில கரையேறிடும். நெட்ஃபிளிக்ஸ் 1997ல தபால்ல டிவிடி அனுப்பற கம்பெனியாதான் ஆரம்பிச்சுது, 2007ல ஸ்ட்ரீமிங் வந்துச்சு, படத்தை வாடகைக்கு விட்டு உச்சத்துல 9,000 கடைக்கு மேல வச்சிருந்த பிளாக்பஸ்டர் 2010ல திவாலாச்சு, 2013 பிப்ரவரி 1ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரோட 13 எபிசோடையும் ஒரே நாள்ல போட்டு பார்க்கற பழக்கத்தையே மாத்தினாங்க. அந்த படிக்கட்டு முழுக்க சேர்ந்து ஒரே படி ஆயிடுச்சு. அவங்க குடுக்கற டீல் என்னன்னா, தயாரிப்பு செலவு பூரா குடுத்து மேல ஒரு லாபமும் வச்சு குடுத்துடுவாங்க, ரிஸ்க் கிடையாது, ஆனா படம் உலகமே பார்த்தாலும் அதுக்கு மேல கிடையாது. 2021ல ஸ்க்விட் கேம் மொதல் 28 நாள்ல 165 கோடி மணி நேரம் ஓடுச்சு, அதை எழுதி இயக்கின ஹ்வாங் டாங் ஹ்யூக், ஒப்பந்தத்துல இருந்ததுதான் வந்துச்சு, தனியா போனஸ் ஒண்ணும் வரலன்னு வெளிப்படையா சொன்னார். அதே நேரம், கொரிய மொழில எடுத்த ஒரு கதையை சப்டைட்டில் போட்டு உலகமே ஒரே வாரத்துல பார்த்தது டிவிடி காலத்துல கற்பனை பண்ண முடியாத விஷயம், இதுல எனக்கு நிஜமான சந்தோஷம் இருக்கு.

எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எடுத்தவனுக்கே ரொம்ப காலம் தெரியாம இருந்ததுதான் எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம். தியேட்டர்னா டிக்கெட் கணக்கு, டிவிடின்னா வித்த கணக்கு, எல்லாருக்கும் தெரியும். ஸ்ட்ரீமிங்ல அந்த நம்பர் கம்பெனி கையில மட்டும்தான் இருந்துச்சு, அவங்களா சொன்னாதான் வெளிய தெரியும். 2023ல ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே 2ல இருந்து 148 நாள் ஸ்ட்ரைக் பண்ணினாங்க, நடிகர்கள் ஜூலையில சேர்ந்து 118 நாள், ரெண்டு சங்கமும் ஒண்ணா நின்னது 1960க்கு அப்புறம் அப்பதான். அதுல எழுத்தாளர்கள் வாங்கின முக்கியமான ஒண்ணு, நம்பரை சங்கத்துக்கு ரகசியமாவாவது காட்டணும், மொதல் 90 நாள்ல உள்நாட்டு சந்தாதாரர்கள்ல 20 சதவீதம் பார்த்த அளவுக்கு ஓடினா போனஸ் தரணும்ங்கறது. ஏஐ பத்தியும் கட்டுப்பாடு வாங்கினாங்க. ஸ்ட்ரைக் பண்ணினாதான் தன் படத்தை எத்தனை பேர் பார்த்தாங்கன்னே தெரியும்னா நிலைமை எங்க போயிருக்குன்னு பாருங்க.

வீட்டுல படம் பார்க்கும்போது வசனம் கேக்கல, சண்டை வந்தா காது கிழியுதுன்னு நிறைய பேர் என்கிட்ட கேக்கறாங்க, இடையில அதையும் சொல்லிடறேன். தியேட்டருக்கு பண்ணின மிக்ஸ் பெரிய ஹாலுக்கானது, அதை அப்படியே டிவி ஸ்பீக்கர்ல போட்டா அப்படித்தான் இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை வச்சு அளந்து மைனஸ் 27 லஃப்ஸ்ல இருக்கணும்னு விதி வச்சிருக்காங்க, அதனால இப்ப வீட்டுக்குன்னு தனி மிக்ஸ் பண்றோம், அதுக்கு நாள் குடுக்கற தயாரிப்பாளர் கிடைச்சா நல்லா வரும், ரெண்டே நாள்ல முடின்னா வராது.

அனுமதி மட்டும் விக்கிறதால வர்ற இன்னொரு பெரிய ஆபத்து, அழிஞ்சு போறது. மைஸ்பேஸ் 2019ல ஒத்துக்கிச்சு, சர்வர் மாத்தும்போது 2003ல இருந்து 2015 வரைக்கும் ஜனங்க ஏத்தினது எல்லாம் போயிடுச்சுன்னு, 5 கோடி பாட்டு இருக்கும்னு சொன்னாங்க. அதுல எத்தனையோ பேருக்கு வேற காப்பியே கிடையாது. 2022ல 9 கோடி டாலர் செலவு பண்ணி எடுத்த ஒரு படத்தை வார்னர் கம்பெனி வெளியிடவே இல்ல, 2023ல டிஸ்னி தன் சொந்த தொடர்களையே தளத்துல இருந்து தூக்குச்சு. நான் மிக்ஸ் பண்ணின ஒரு சின்ன படம், பேர் வேண்டாம், மூணு வருஷம் ஒரு தளத்துல இருந்துச்சு, ஒப்பந்தம் முடிஞ்சு இறக்கிட்டாங்க, டிஸ்க் போடல, இன்னிக்கு அதை பார்க்கணும்னா வழி இல்ல. என் ஹார்ட் டிஸ்க்ல சவுண்ட் மட்டும் இருக்கு, அதையும் யாருக்கும் போட்டு காட்ட எனக்கு உரிமை கிடையாது. அதுல நடிச்ச ஒரு பெரியவர் இறந்தப்ப அவங்க வீட்டுல கேட்டாங்க, என்னால குடுக்க முடியல.

இப்ப உங்களுக்கு. ரெக்கார்டிங் உரிமையை எழுதி குடுக்காதீங்க, தேவைப்பட்டா சில வருஷத்துக்கு லைசென்ஸ் மட்டும் குடுங்க, அது திரும்பி வர்ற தேதியை ஒப்பந்தத்துல போட சொல்லுங்க. டெய்லர் ஸ்விஃப்ட் அளவு ஆளே மொதல் ஆறு ஆல்பத்தோட ரெக்கார்டிங் 2019ல கை மாறினப்ப தடுக்க முடியல, திரும்ப பாடி பதிவு பண்ணி, கடைசியா 2025 மே மாசம்தான் காசு குடுத்து வாங்க முடிஞ்சுது, நமக்கு அந்த காசும் இல்ல அந்த ஆறு வருஷமும் இல்ல. மெட்டு, வரி ரெண்டையும் உங்க பேர்ல சொசைட்டில பதிவு பண்ணுங்க, கூட யாராவது எழுதியிருந்தா யாருக்கு எத்தனை சதவீதம்னு பாட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்குங்க, ஹிட் ஆன பிறகு அதை பேச முடியாது. எம்பி3யை மட்டும் வச்சுட்டு ப்ராஜெக்டை டெலிட் பண்ணாதீங்க, ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்ட் இல்லாம, சுருக்காத வேவ் ஃபைலா எடுத்து ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வைங்க, ஒண்ணு வேற வீட்டுல இருக்கட்டும். அந்த பையன் சொசைட்டில பதிவு பண்ணி எட்டு மாசம் கழிச்சு அந்த காசு வந்துச்சு, பழைய ரெண்டு வருஷத்துல ஒரு பகுதியும் சேர்ந்து வந்துச்சு, மீதிக்கு காலக்கெடு தாண்டிடுச்சுன்னு சொல்லிட்டாங்க.